ஆளைப் பார்த்து அடிக்கும் படம்

ஓவியரின் முதல் கண்காட்சியில் பதினோரு பேருக்கு மூக்கு உடைந்தது. அவர் வரைந்திருந்தது வெறும் முஷ்டிகள். நெருங்கிப் பார்த்தவர்களை அவை சட்டத்துக்குள்ளிருந்து நீண்டு குத்திவிட்டு, ஒழுங்காகத் திரும்பிப் போய்ப் படத்தில் உட்கார்ந்துகொண்டன. விமர்சகர் ஒருவர் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டே 'நேரடித் தாக்கம்' என்று எழுதினார். கேலரிக்காரர் தரையில் மஞ்சள் கோடு போட்டு, தாண்டுகிறவர்கள் சொந்தப் பொறுப்பில் தாண்டவும் என்று எழுதி ஒட்டினார்.

முஷ்டிகளை ஓவியர் வரைந்தது கேலரிக்காக அல்ல, தங்கையின் புருஷனுக்காக. கல்யாணமான மறுமாதமே கைநீட்டத் தொடங்கியவன் அவன். பெல்ட், குக்கர் மூடி, ஒருமுறை இஸ்திரிப் பெட்டி. நேரில் தட்டிக் கேட்கப் போன ஓவியருக்கு இரண்டு விலா எலும்பு போயிற்று. "என்ன மச்சான், பெயிண்ட் அடிக்கிற கைக்கு இவ்வளவுதான் பலமா?" என்று சிரித்தான் மாப்பிள்ளை. "அடிக்கிறது சுவத்துக்கு. நான் வரையறவன்" என்று தரையில் கிடந்தபடியே திருத்தினார் ஓவியர். அந்த ஒரு சொல்லில் மட்டும் அவருக்கு ரோஷம் அதிகம்.

இருப்பதிலேயே பெரிய முஷ்டியைத் தங்கை வீட்டுக் கூடத்தில் மாட்டினார். மறுநாள் தூசு தட்டப் போனவளுக்கு முன்பல் இரண்டு விழுந்தது. "அண்ணா, உன் படம் ஆளைப் பார்த்து அடிக்காதா?" என்றாள், வாயில் துணியை அழுத்திக்கொண்டு. அந்தக் கேள்விக்கு அவர் பதில் தேடி அலைந்ததைத்தான் பிற்பாடு புத்தகங்கள் அவருடைய கலைவளர்ச்சி என்றன.

அடுத்த மூன்று வருஷம் நாய்கள். மோப்பம் பிடிக்கட்டும் என்று மாப்பிள்ளையின் சட்டையைத் திருடி எரித்து, சாம்பலை வண்ணத்தில் குழைத்தார். சட்டையைத் துவைத்தது தங்கை என்பது மண்டையில் உறைக்கவில்லை. நாய் அவள் கெண்டைக்காலைக் கவ்வியது, பதினாறு தையல். 'விலங்குக் காலம்' என்றார்கள் விமர்சகர்கள். அப்புறம் கூட்டம்: எட்டடி கான்வாஸில் கம்பும் கல்லும் ஏந்திய நூற்று நாற்பது பேர். மாட்டிய அன்றே மாப்பிள்ளை பெல்ட்டைக் கழற்றினான். நூற்று நாற்பது பேரும் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள். பின்வரிசைக்காரன் ஒருவன் "தள்ளுப்பா, மறைக்குது" என்றான். அந்தப் படத்துக்கு விருது கிடைத்தது.

விருது வாங்கிய வாரம் தங்கை ஒடிந்த கையோடு ஸ்டூடியோவுக்கு வந்தாள். "காஸைத் திறந்து விட்டுட்டு தீப்பெட்டியைத் தேடினான். கிடைக்கலை, பொழைச்சேன். நாளைக்கு வாங்கிட்டு வருவான்."

ஓவியர் தூரிகையைக் கையில் எடுத்தார். "என்னத்தம்மா வரையறது?"

"நீ ஒண்ணும் வரைய வேணாம். தள்ளு, நான் அடிக்கிறேன்."

கான்வாஸுக்கு வெள்ளை பூசும் ரோலரைச் சிவப்பில் முக்கி, நல்ல கையால் மூலைக்கு மூலை அடித்தாள். ஓவியர் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை. காய்ந்ததும் தங்கை முன்னால் நின்று பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. ஓவியர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார், ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கூடத்தில் மாட்டினார்கள்.

மதியம் ஒரு மணிக்கு மாப்பிள்ளை தீப்பெட்டியோடு வந்தான். "இது என்னடி, சுவத்துக்கு அடிச்ச மிச்சமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் சிவப்பு அவன் காலரைப் பிடித்தது. தாடை, விலா, பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக. எட்டு வருஷத்து அடியையும் வரிசை தப்பாமல் திருப்பிக் கொடுக்க மாலை ஐந்தாயிற்று. அந்த வீட்டில் அலறல் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டிப் பழகியவர்கள் பக்கத்து வீட்டார், அன்றும் கூட்டினார்கள். அலறல் ஆண்குரலில் இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.