ஆறாவது அம்பு

"மூட்டையத் திருப்பி வைங்கன்னு சொன்னனா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"திருப்பித்தான் வச்சேன். வெள்ளனே எந்திரிச்சு, நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த—"

"நான் எங்க பாத்தேன், நான் அடுப்படியில—"

"சரி விடு. இன்னொருக்கா எண்ணு."

"எத்தன தடவ எண்ணுனாலும் அஞ்சுதான். கார்ல வந்த பயலுக விட்டது ஆறு அம்பு."

மலைமேல், கிளாவரைச் சாலையோரம், தங்கள் பூண்டுக் காட்டின் மேல்வரப்பில் நின்றுதான் தேவசேனாவும் அவள் புருசன் குருநாதனும் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வருகிற போகிற சுற்றுலாக்காரர்கள் காசு கொடுத்து எய்து பார்க்க ஒரு கிராஸ்போ, அதாவது விசைவில், வைத்திருந்தார்கள். காலால் மிதித்து, நாணை இழுத்துப் பூட்டி, துப்பாக்கி மாதிரி தோளில் வைத்து விசையைத் தட்டினால் அம்பு போவது கண்ணுக்குத் தெரியாது. அதைத் தாங்க ஓர் இலக்கு அமைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கடையில் வாங்கிய ஸ்பாஞ்சு ஐப்பசி மழையில் ஊறி இற்றுப்போனது. வைக்கோல் கட்டு சாதாரண வில்லுக்குச் சரி, இதற்கு ஆகவில்லை. கடைசியில் நாலு உரச்சாக்கை ஒன்றாகத் தைத்து, பழந்துணியைக் குத்திக் குத்தி அடைத்து, மரச்சட்டத்தில் கட்டி நிறுத்தினார்கள். பொத்தானோ ஜிப்போ இருந்தால் அம்பு துள்ளித் திரும்பும் என்று ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தவள் தேவசேனா. தினமும் மூட்டையைத் திருப்ப வேண்டும். நடு மெத்தென்று ஆனால் துணி திணிக்க வேண்டும். பனிமூட்டம் ஏறுமுன் தார்ப்பாய் போட வேண்டும்.

மூட்டைக்குப் பின்னால் ஒரு முள்வேலி. வேலிக்குக் கீழே ஒற்றையடிப் பாதை. பக்கத்துக் காட்டுக் கந்தம்மாளும் அவள் புருசன் ராமரும் மாடு ஓட்டிப் போய்வரும் பாதை.

"பின்னால பலகை அடிங்கன்னு சித்திரையிலருந்து சொல்றேன்" என்றாள்.

"அடிப்போம். இப்ப அம்பு மூட்டைக்குள்ளதான் இருக்கும். முழுசா முங்கிப் போயிருக்கும். முன்ன ஒருக்கா அப்பிடி ஆச்சுல்ல."

"அப்ப அறுத்துப் பாப்போம்."

"அறுக்கவா? நாளைக்கு முப்பது பிள்ளைக பஸ்ஸுல வருதுக. மூட்டைய அறுத்துட்டு, என்னைய நிக்க வச்சா விடச் சொல்லப் போற?"

"நீங்க நின்னா ஆறையும் நானே விடுவேன். வெரசா கத்தியக் குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. கத்தியை வாங்கிக்கொண்டாள். சாக்கை அறுத்தால் தன் காரியம் வெளியே வந்துவிடும். வரட்டும். அம்பு உள்ளே இருந்தால் போதும்.

மேல்தையலை அறுத்தாள். பழைய பேண்டுகள் வந்தன, கிழிந்த போர்வைகள் வந்தன. நடுவில் கை விட்டதும் காய்ந்த பூண்டுத் தாள் சரசரவென்று காலடியில் கொட்டியது.

"இதென்ன?"

"பூண்டுத் தாளு."

"அது தெரியுது. உள்ள யாரு போட்டா?"

"நாந்தான். முந்தாநாளு." அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "பரண்ல விதைப்பூண்டுக்கு ஈரம் ஏறிருச்சு. உள்ள நல்ல நூல்சேலை மூணு இருந்துச்சு, உருவிப் போத்தி விட்டேன். அந்த எடத்துல இதத் திணிச்சேன். இறுக்கமாத்தான் திணிச்சேன்."

"இறுக்கமா."

"ஆமா."

"இம்புட்டு நேரமா என்னையப் போட்டு வையிற."

அவர் குனிந்து துணிகளை ஒரு பக்கமாகக் குவித்தார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. தாளைக் கிளறினாள், உதறினாள், பின்பக்கத்துத் துணியையெல்லாம் இழுத்துப் போட்டாள். அம்பு இல்லை. சாக்கின் பின்புறத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். ஓர் ஓட்டை வழியே வெளிச்சம் தெரிந்தது.

"பழைய ஓட்டையாத்தான் இருக்கும்" என்றார்.

"பழசெல்லாம் கறுத்துப் போயிருக்கு. இத மட்டும் பாருங்க. வெள்ள வெளேர்னு, நூலு வெளிப்பக்கமா பிசிறிக்கிட்டு நிக்குது."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வேலிப் பக்கம் திரும்பினார்கள். கீழேயிருந்து ஏறிய மூட்டம் பாதையை மறைத்திருந்தது.

வேலிச் சந்தில் நுழைந்து இறங்கினார்கள். குருநாதன் ஒரு குச்சியால் புல்லை விலக்கிக்கொண்டே போனார்.

"அந்நேரத்துக்கு யாரு இங்கிட்டு வரப்போறா?"

"அவனுக விட்டப்ப மூணே முக்கா மணிங்க. மாடு திரும்புற நேரம்."

"மேல பட்டிருந்தா சத்தம் கேக்காமயா இருக்கும்?"

"அவனுக கார்ல பாட்டப் போட்டு அலற விட்டிருந்தானுக. நமக்கு என்ன கேட்டுச்சு?"

அவர் ஒரு புதரைக் குச்சியால் விலக்கிப் பார்த்தார். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கெடச்சா எடுத்து மடியில சொருகிக்க. யார்ட்டயும் மூச்சு விடாத. ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கே நிப்பாட்டிருவாங்க."

"நிப்பாட்டட்டும்."

"சொல்றது லேசு."

பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. மூட்டத்துக்குள்ளிருந்து ஓர் உருவம் பெரிதாகிக்கொண்டே வந்தது. தலையில் துண்டைப் போர்த்தியபடி கந்தம்மாள். முழுசாக, கையை வீசிக்கொண்டு நடந்து வந்தாள். தேவசேனா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னண்ணே, மதினியக் கூட்டிக்கிட்டு மூட்டத்துக்குள்ள கண்ணாமூச்சி வெளையாட்டா?"

"காளான் இருக்கான்னு பாக்க வந்தோம்" என்றார் குருநாதன் சட்டென்று.

"எனக்கு எங்காலே தெரியல. உங்களுக்குக் காளான் தெரியுதாக்கும்."

அவள் சிரித்தாள். தேவசேனாவும் கூடவே சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு கேட்டாள்.

"பொழுது எறங்குற நேரத்துல நீ எங்க கெளம்பிட்ட?"

"எங்க சோலி உங்களுக்குத் தெரியாததா மதினி? மாடு மட்டும் தனியா வந்து வாசல்ல நிக்குது. பின்னாடியே வர்ற மனுசனக் காணோம். எங்கிட்டாச்சும் பீடியும் கதையுமா உக்காந்திருப்பாரு." கந்தம்மாள் அவர்கள் தோளுக்குமேல் எட்டிப் பாதையின் வளைவைப் பார்த்தாள். "நீங்க வந்த வழியில எங்க வீட்டாளப் பாத்தீங்களாண்ணே?"