வாத்து வேலை முடியட்டும்

ஆல்வினே கிழவி முக்காலியில் உட்கார்ந்து, பெருவாத்தை இரண்டு தொடைகளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். இடது கையால் அலகைப் பிளந்தாள். வேகவைத்துக் காயவைத்த பார்லி மாவுத் திரி ஒன்றைத் தண்ணீரில் முக்கி, வலது கை விரலால் தொண்டைக்குள் தள்ளினாள். பிறகு நீளக் கழுத்தை மேலிருந்து கீழாக நீவிவிட்டாள். திரி ஒரு முடிச்சுப் போல இறங்கி மறைந்தது. வாத்து கண்ணை மூடித் திறந்தது. அவள் அடுத்த திரியை எடுத்தாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் அமெரிக்காவில் விஸ்கான்சினுக்கு வந்து குடியேறிய பொமரேனியா ஜெர்மானியரின் பண்ணை எல்லாவற்றிலும் இதே வேலைதான். இரவென்றும் பகலென்றும் பாராமல் வேளை தவறாமல் திணித்தால்தான் ஈரல் பருத்து வெண்ணெய் நிறத்துக்கு வரும். சிகாகோ ஓட்டல்காரர்கள் ரயிலில் வரவழைத்து வாங்குவார்கள். ஒரு நாள் விட்டால் வாத்து இளைத்துவிடும். அவசரப்பட்டால் தொண்டை கிழிந்து செத்துவிடும். எழுபது வயதைத் தாண்டியும் ஆல்வினேயின் விரல் தடுமாறியதில்லை. மருமகள் மெட்டாவுக்கு இந்த வேலை வரவே இல்லை.

கொட்டகைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். நல்ல கம்பளிக் கோட்டு, கையில் அளவு நாடா.

"நீங்கதான் ஹெர்மானோட அம்மாவா? நான் பெர்ட்டா. இந்தப் பண்ணையை வாங்கியிருக்காரே, அவரோட சம்சாரம்."

"எதை வாங்கியிருக்கீங்க?"

"பண்ணையைத்தான் பாட்டி. அடுப்புப் பக்கத்து அறைக்கு ஜன்னல் துணி தைக்கணும், அதான் அளவெடுக்க வந்தேன். எங்க மாமியாருக்குக் குளிர் ஆகாது. அந்த அறைதான் கதகதப்பா இருக்கும்னு மெட்டா சொன்னா."

"அது என் அறை."

பெர்ட்டா நாடாவைச் சுருட்டினாள். "உங்களைக் கவுண்டி விடுதியில சேர்க்கிறதா சொன்னாங்களே... உங்ககிட்ட சொல்லலையா? ஐயோ, நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

கவுண்டி விடுதி என்றால் மாவட்ட நிர்வாகத்தின் செலவில் போக்கிடம் இல்லாதவர்களும் புத்தி பேதலித்தவர்களும் கிடக்கும் இடம். ஆல்வினே மடியிலிருந்த வாத்தை இறக்கிவிட்டாள். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். வீட்டுக்குள் போய், தன் அறையில், தன் இறகு மெத்தைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாத்துகள் கத்த ஆரம்பித்தன.

மெட்டா வாசலில் வந்து நின்றாள். "என்ன அத்தை, மகாராணி மாதிரி உட்கார்ந்துட்டீங்க? அங்க எல்லாம் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது."

"நீ போய்த் திணி."

"எனக்கு வராதுன்னு தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

"அறையைப் பங்கு போட மட்டும் வருதே."

மெட்டா காலைத் தட்டிக்கொண்டு போனாள். அரை மணியில், கழுத்து தொங்கும் ஒரு வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்கி வந்து அடுக்களைத் தரையில் போட்டாள். அதன் அலகோரம் ரத்தம் கசிந்தது.

தொழுவத்திலிருந்து ஹெர்மான் வந்தான். செத்த வாத்தைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றாமலே அம்மாவின் அறைக்குள் நுழைந்தான்.

"அம்மா, எந்திரி."

"யாரு அறையில உட்கார்ந்திருக்கேன்னு சொல்லு. எந்திரிக்கிறேன்."

"கடனுக்கு மேல கடன். பால் விலை படுத்துப்போச்சு. மில்வாக்கியில மோட்டார் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. அங்க ரெண்டே அறை. நான் என்ன பண்ணட்டும்?"

"உங்கப்பா செத்த வருஷம், அந்த மேசையில உட்கார்ந்து எனக்குக் கை குடுத்தியேடா. சாகிற வரைக்கும் இந்த அறை, ஒரு மாட்டுப் பால், விறகு, வாத்து எல்லாம் எனக்குன்னு சொன்னே. உன் சித்தப்பா வந்து கையை வெட்டிவிட்டாரு."

பொமரேனியாவில் பண்ணையைப் பிள்ளையிடம் ஒப்படைக்கும்போது பெற்றவர்களுக்கு இப்படி ஒரு பங்கு உண்டு. இருவரும் கை கோத்திருக்க, மூன்றாம் ஆள் தன் உள்ளங்கையால் அந்தக் கைகளின்மேல் வெட்டுவதுபோல அடிப்பார். அத்துடன் ஒப்பந்தம் உறுதியானதாக அர்த்தம். சொல் மாறியவனுக்கு ஊரில் ஒருவரும் மாடுகூட விற்கமாட்டார்கள்.

"சித்தப்பா கோர்ட்டுல எழுதிடலாம்னுதான் சொன்னாரு. நீதான் சிரிச்சே. பெத்த பிள்ளைகிட்டப் பத்திரமான்னு கேட்டே. வக்கீலைக் கேட்டேன். இந்த ஊருல கை செல்லாதாம்."

ஆல்வினே மகனின் முகத்தைப் பார்த்தாள். அவன் பிறந்த குளிர்காலத்தில், புதிதாகத் திருத்திய வயலில் இன்னும் பாதிக் கல் பொறுக்கப்படவில்லை. குறைமாதப் பிள்ளை, சப்பத் தெரியாது. அடுப்பு மேடையில் இறகுப் பெட்டியில் கிடத்தி, துணியை நனைத்துப் பால் சொட்டவிட்டு, தொண்டையை ஒற்றை விரலால் நீவி நீவி இறக்கினாள். மற்ற பிள்ளைகள் மண்ணுக்குள்ளும் மேற்கேயும் போனார்கள். இவன் ஒருவன்தான் தங்கினான்.

வெளியே வாத்துகளின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஹெர்மான் ஜன்னல் பக்கம் திரும்பிக் காதுகொடுத்தான். மெட்டா அவன் முழங்கையை இடித்தாள். இருவரும் அடுக்களைக்குப் போய் ஏதோ கிசுகிசுத்தார்கள். திரும்பி வந்தபோது அவன் தொப்பியைக் கையில் பிடித்திருந்தான்.

"சரிம்மா. எங்களோடயே வந்துடு. அடுக்களையில கட்டில் போட்டுக்கலாம்."

"விடுதி?"

"அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"கை குடு."

அவன் நீட்டினான். அவள் பற்றிக்கொண்டாள். விரலிடுக்கில் மாவு காய்ந்திருந்தது. "மெட்டா, நீ வெட்டு."

மெட்டா கணவனைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை ஓங்கி, இரண்டு கைகளின்மேலும் பட்டென்று அடித்தாள். ஒட்டிய மாவைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

கிழவி எழுந்து கொட்டகைக்குப் போனாள்.

அன்றிலிருந்து அவள் ஒரு வேளையும் தவறவிடவில்லை. முதுகு நிமிரவில்லை என்று வைக்கோல்மேலேயே படுத்துக்கொண்டாள். மெட்டா சூடான காபி கொண்டுவந்து வைத்தாள். "நகரத்துல உங்களுக்கு இந்த நாத்தமெல்லாம் கிடையாது அத்தை" என்றாள். வாத்துகள் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டன. கடைசியில் எல்லாவற்றையும் கொன்று, இறகு பிடுங்கி, பீப்பாய்களில் அடுக்கி ரயிலேற்றினார்கள். இந்த வருஷம் மாதிரி ஈரல் வந்ததே இல்லை என்று வியாபாரி ஹெர்மானின் தோளைத் தட்டினான்.

மறுநாள் காலை ஹெர்மான் வண்டி பூட்டினான். "வா அம்மா, கொஞ்சம் வெளியே போயிட்டு வரலாம்."

"எங்கடா?"

அவன் குதிரையின் வாரை இழுத்துக் கட்டினான். அவள் தன் இறகு மெத்தையை அள்ளப் போனாள். மெட்டா அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க சொந்தப் படுக்கை சேர்க்கமாட்டாங்களாம் அத்தை. இங்கேயே இருக்கட்டும்."

கிழவி மெத்தையை விட்டாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

விடுதி வாசலில் பழைய வாத்துக் கொட்டகை வாடைதான் அடித்தது. மேற்பார்வையாளர் நல்ல மனிதர். "வாங்கம்மா" என்று சிரித்தபடி கையை நீட்டினார். ஆல்வினே இரண்டு கைகளையும் மேலங்கிக்குள் விட்டுக்கொண்டாள்.

"கொஞ்சம் பிடிவாதம்" என்றான் ஹெர்மான். குதிரை குளிரில் நிற்காது என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

மத்தியானம் நீள மேசையில் கஞ்சி வைத்தார்கள். மற்றவர்கள் குனிந்து குடித்தார்கள். ஆல்வினே கையை வெளியே எடுக்கவில்லை. சாயங்காலமும் எடுக்கவில்லை. மறுநாள் ஒரு தடித்த பணிப்பெண் முக்காலியை இழுத்துப் போட்டு, அவள் முழங்கால்களைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு இன்னும் பதினஞ்சு பேர் இருக்காங்க பாட்டி. வாயைத் திற."

இடது கையால் தாடையை அழுத்திப் பிளந்தாள். கரண்டியை உள்ளே தள்ளினாள். பிறகு சுருங்கிய கழுத்தை மேலிருந்து கீழாக நீவிவிட்டாள்.

கஞ்சி இறங்கியது. கிழவி கண்ணை மூடித் திறந்தாள். பணிப்பெண் அடுத்த கரண்டியை எடுத்தாள்.