காதோரத் தையல்

இளமையாகத் தெரிய முகத்தை இழுத்துத் தைத்துக்கொண்டவர்கள் ஊரையே ஏமாற்றலாம், முடி வெட்டுகிறவளை முடியாது. காதுக்கு முன்னால் தொடங்கி, மடலைச் சுற்றிக்கொண்டு பின்னந்தலை முடிக்குள் ஒளியும் அந்தக் கோடு முதலில் என் சீப்புக்குத்தான் அகப்படும். பதினெட்டு வருடமாக, பார்த்தும் பார்க்காதவள்போல அதன்மேல் முடியை இறக்கிவிட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கும் அந்த ஆசை வந்தது. தாடைச் சதை தொங்குகிறதே என்று ஒருநாள் புலம்பினேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "உனக்கென்ன பைத்தியமா? ரெண்டு பேரும் சேர்ந்தே கிழடாவோம், விடு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் உருகிப்போய், ஆசையை அன்றே மூட்டை கட்டினேன்.

இரண்டு மாதம் முன்பு, ஆபீஸ் பயிற்சி என்று நான்கு வாரம் வெளியூர் போனார். வீடியோவில் வரச் சொன்னால் கேமரா ரிப்பேர். திரும்பி வந்தவரின் முகம் இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. "சர்க்கரையை விட்டுட்டேன்ல, அதான்" என்றார். ஊரில் யாரையும் நம்பாத நான் அவரை நம்பினேன். காதை மூடி முடி வளர்ந்திருந்தது. வெட்டலாம் என்றால் இன்றைக்கு, நாளைக்கு என்று நழுவினார்.

நேற்று வசமாக மாட்டினார். மேனேஜர் ஆகிவிட்டாராம், மறுநாள் ஆபீசில் போட்டோ எடுக்கிறார்களாம். என் நாற்காலியில் உட்கார்ந்து, "பின்னாடி மட்டும் லேசா எடு. காதுகிட்ட போகாதே" என்றார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் எனக்கு அவர் வேலை சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

முடியைத் தூக்கினேன். சிவப்பு மாறாத கோடு, முடிகிற இடத்தில் கொக்கிபோல் சின்ன வளைவு. யார் கை என்றுகூடத் தெரிந்தது. என் வாடிக்கைக்காரர்கள் பலருக்குத் தைத்த அந்த டாக்டரின் தையல்தான் சுத்தம், ஆறியபின் தேடினாலும் கிடைக்காது என்று சாப்பிடும்போதெல்லாம் இவரிடம் அளந்தவள் நான்தானே.

ஆனாலும், அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன், சத்தியமாக.

சோபாவில் காத்திருந்த புது வாடிக்கைக்காரப் பெண் கேட்டாள்: "உங்க தம்பியாக்கா?"

அவர் கண்ணாடியில் தன்னையே பார்த்து உதட்டோரம் சிரித்துக்கொண்டார்.

கத்தரியை வைத்துவிட்டு மெஷினை எடுத்தேன். இரண்டு காதுகளையும் சுற்றி, தோல் தெரிய வழித்தேன்.

"ஏய், என்ன பண்றே! நாளைக்குப் போட்டோ இருக்குடி!"

"அசையாதீங்க, பட்டுடப் போகுது." அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். "தம்பி இல்லம்மா, என் புருஷன். என்னைவிட நாலு வயசு பெரியவர்."

முடிந்ததும், எல்லோருக்கும் செய்வதுபோல் பின்னால் கைக்கண்ணாடியைப் பிடித்தேன். "சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் தையலைப் பார்த்தார். எனக்கு எதிர்க் கண்ணாடியில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தது. கிழடாகிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.