குலுக்கலில் விழுந்த மான்

பஸ்ரியன் கைபேசியைச் சீமோனின் முகத்துக்கு நேரே பிடித்தார். ஸ்காபரோவில் உள்ள அந்தப் பராமரிப்பு இல்லத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்து, மற்ற மேசைகளுக்கு ஜெலி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் மஞ்சள் புல்மேட்டில் சுட்டு வீழ்த்திய ஒரு கலைமான் கிடந்தது. அதன் காதுகள் கழுதையின் காதுகள்போல அகன்றிருந்தன.

"பார் மச்சான். நாங்கள் கேட்டுக் கேட்டுக் கிடந்த சாமான்."

சீமோன் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ஓம்" என்றார்.

வசந்தத்தில் பக்கவாதம் வந்த பிறகு அவரிடம் மிஞ்சியிருந்த சொல் அது ஒன்றுதான். குளிருதோ என்றாலும் ஓம், குளிரேல்லையோ என்றாலும் ஓம். ஒரு காலத்தில் வாய் ஓயாத மனிதர். இரண்டு பேரும் ஒரே ட்ரக்கை மாறி மாறி ஓட்டி, ரொறன்ரோவிலிருந்து அல்பேர்ட்டாவுக்குச் சாமான் ஏற்றியவர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் படுப்பதுதான் முறை. ஆனால் சீமோன் படுக்கமாட்டார், கதைத்துக்கொண்டே வருவார். அப்படி ஒரு விடியற்காலை, மாக்கஸ் என்ற விவசாயியின் பண்ணைக்கு உதிரிப்பாகங்கள் கொண்டுபோனபோதுதான் கழுதைக்காது கொண்ட மியூல் மானை முதன்முதலாகக் கண்டார்கள். நான்கு காலும் ஒன்றாக நிலத்தை உதைத்து, ரப்பர் பந்துபோல எழும்பி எழும்பி மேட்டில் ஏறியது. அதுவரை இருவரும் ஒன்ராறியோவில் ஒவ்வோர் இலையுதிர் காலமும் வெள்ளைவால் மான்தான் சுட்டிருந்தார்கள். "வெள்ளைவால் எங்க போனாலும் நிக்கும். எனக்கு இது ஒண்டு வேணும்" என்றார் சீமோன்.

வேண்டும் என்றால் கிடைத்துவிடாது. வெளி மாகாணத்தவர்களுக்குக் குலுக்கலில் அனுமதி விழவேண்டும். உள்ளூர் ஆள் ஒருவர் பொறுப்பெடுத்துக் கூட்டிப்போகவும் வேண்டும். பொறுப்புக்கு மாக்கஸ் தயார். குலுக்கல்தான் தயாராக இல்லை. மாக்கஸின் தகப்பன் காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் மியூல் மான் மட்டுந்தான் இருந்ததாம். பிறகு ஆற்றோர மரங்களைப் பிடித்துக்கொண்டு, விளைந்த வயல்களைத் தின்றுகொண்டு, வெள்ளைவால் மான்கள் மேற்கே ஏறி வந்தன. அவை பெருகப் பெருக மியூல் மான்கள் வறண்ட மேடுகளுக்கு ஒதுங்கின. அரசாங்கமும் அங்கே வெள்ளைவாலுக்கு அனுமதியைக் கூட்டி, மியூலுக்குக் குறைத்தது. ஒவ்வொரு வருடமும் இருவர் பெயரையும் சேர்த்துப் போடுவார்கள். ஒவ்வொரு வருடமும் இல்லை என்று வரும். சீமோன் கட்டிலோடு கிடந்த இந்தக் கோடையில், இருவர் பெயரும் சேர்ந்தே விழுந்தது.

பஸ்ரியனுக்குப் போக மனமில்லை. கட்டிலின் அருகில் குனிந்து, "நான் தனியப் போகட்டோ?" என்று கேட்டார். "ஓம்" என்றார் சீமோன். அந்த ஓமுக்கு என்ன அர்த்தமென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

நவம்பரில் தனியே காரை ஓட்டிக்கொண்டு போனார். சுப்பீரியர் ஏரியின் நீண்ட வளைவுகளில், பக்கத்து ஆசனத்தின் வெறுமை அவரை இரண்டு தரம் கதை தொடங்க வைத்தது. மாக்கஸின் நிலத்தில், அறுத்த கோதுமைத் தாளுக்குள் வெள்ளைவால் மான்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. காற்றுத் திரும்பியதும் வாலைத் தூக்கி, ஆற்றோரக் காட்டுக்குள் ஒரே ஓட்டமாக மறைந்துவிட்டன. கூட்டத்துக்கு எட்ட நின்ற ஒரு மியூல் கலைமான் மட்டும் எதிர்ப்பக்கமாக மேட்டில் தாவி ஏறியது. உச்சியில் நின்று திரும்பிப் பார்க்கும் என்று மாக்கஸ் சொல்லியிருந்தார். அது நின்றது, பார்த்தது. பஸ்ரியன் சுட்டார்.

"மச்சான்" என்று திரும்பினார். பக்கத்தில் மாக்கஸ் சிரித்துக்கொண்டு தோளில் தட்டினார்.

மானின் விலாவைத் தடவியபோது அந்தச் சிரிப்புக் குறைந்தது. மெலிந்திருக்கிறது என்றார். அந்தப் பக்கத்து மான்களில் மூளையை அரிக்கும் நோயொன்று பரவியிருந்தது. சுட்ட மானின் தலையைச் சோதனைக்குக் கொடுத்தாக வேண்டும், முடிவு வரும்வரை இறைச்சியில் வாய் வைக்கக்கூடாது. எலும்பை ஒன்ராறியோவுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள் என்பதால் தசையை மட்டும் அரிந்தெடுத்து, ஐஸ் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு பஸ்ரியன் திரும்பி வந்தார்.

படத்தைக் காட்டிய நாளிலிருந்து, அவர் போகும்போதெல்லாம் சீமோன் இடது கையின் விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். சாப்பாடு எங்கே என்று கேட்கிறார். "பொறு மச்சான், வரும்." சீமோனின் மகள் நிரூபாவும் சம்மதித்திருந்தாள். "நல்லா கிரைண்ட் பண்ணிக் குடுங்கோ அங்கிள். விழுங்கக் கஷ்டம். அப்பா ஏதோ ஒண்டை ஆசைப்பட்டுக் கேக்கிறதே இப்பதான்."

முடிவு மார்கழியில் வந்தது. மானுக்கு நோய் இருந்திருக்கிறது. உண்ணவேண்டாம்.

பஸ்ரியன் மாக்கஸைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மாக்கஸ் வருந்தினார். மான்கள் நெருங்கி நிற்பதால்தான் நோய் பரவுகிறது என்று, கூட்டத்தைக் குறைக்க வருகிற வருடம் இரண்டு இனத்துக்கும் அனுமதியைக் கூட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்றார். இனி உனக்குச் சுலபமாக விழும், வா, என்றார். பஸ்ரியன் நன்றி சொல்லி வைத்தார்.

இறைச்சிப் பொதிகளைத் தடித்த குப்பைப் பைகளில் இரட்டையாகக் கட்டி, குப்பைக்கிடங்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்று பின்னேரம் வேரோனிக்காவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். மனைவி வன்கூவருக்கு மகள் நடாஷாவின் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவர். பிறந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. இருவருக்கும் இடையில் சண்டை என்று எதுவும் இல்லை.

"முழுக்க எறிஞ்சிட்டன்" என்றார்.

"தனி ஆளுக்கு உவ்வளவு இறைச்சி என்னத்துக்கு? விடுங்கோ."

"ஏப்ரலில வாறீரோ?"

"பாப்பம்" என்றார் வேரோனிக்கா. பின்னால் பிள்ளை அம்மம்மாவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

மறுநாள் பஸ்ரியன் பிளாசா இறைச்சிக்கடைக்குப் போய் ஆட்டுத்தொடை வாங்கினார். மானுக்குப் போடுவதுபோல மிளகைத் தூக்கலாகப் போட்டு, கொழுப்பை வழித்தெறிந்து, பஞ்சாக அவியவிட்டு அரைத்தார். ருசி பார்த்தார். மான் என்று சொன்னால் மான்தான். இவ்வளவு மருந்துக்குப் பிறகு அந்த நாக்குக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தார். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. ஆனாலும் கிண்ணத்தைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

சீமோன் சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். கிண்ணத்தைத் திறந்ததும் அவருடைய மூக்குச் சற்று விரிந்தது.

"மியூல் மச்சான். மெள்ள, மெள்ள."

ஒரு கரண்டி. சீமோன் அதை விழுங்காமல் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். நெற்றி சுருங்கியது. தாடை ஒருபக்கமாக மெதுவாக அசைந்தது. பிறகு விழுங்கினார். பஸ்ரியனை நேராகப் பார்த்தார். உதடு கோணி, திறந்து, மூடி, மீண்டும் திறந்தது.

"ஆடு" என்றார்.

பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். பஸ்ரியன் கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தார். நிரூபாவைக் கூப்பிடவேண்டும், தாதியைக் கூப்பிடவேண்டும் என்று தோன்றியது. ஆனால் எழும்பவில்லை.

"ஓம் மச்சான்," என்றார். "ஆடுதான். மானுக்கு மூளை வருத்தமாம். தின்னேலாது எண்டிட்டாங்கள். எல்லாத்தையும் கொண்டுபோய் எறிஞ்சுபோட்டன்."

சீமோன் சன்னலுக்கு வெளியே பார்த்தார். கேட்டதா, கோபமா, ஒன்றும் தெரியவில்லை. வெளியே பெய்த பனியில் தரிப்பிடத்துக் கார்களின் நிறங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

"அது உச்சியில ஏறித் திரும்பிப் பாத்ததடா" என்றார் பஸ்ரியன். "நீ நிண்டிருந்தா..."

சீமோனின் இடது கை மடியிலிருந்து எழும்பி, மேசை விளிம்பைத் தடவித் தடவி வந்து, பஸ்ரியனின் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த கையைக் கிண்ணத்துப் பக்கமாக இழுத்தது. பிறகு சீமோன் முகவாயை உயர்த்தி, வாயைத் திறந்துகொண்டு இருந்தார்.