இடது பக்கம் அவருடையது

அரியலூர்–பெரம்பலூர் ரூட்டில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவர் நல்லுசாமி. அதனால் ஜெர்மன் பாஷை படிப்பதென்று முடிவானதும் அவர் வேலையைப் பிரித்த விதமும் கண்டக்டர் விதமாகவே இருந்தது.

"கேக்கறது என் பொறுப்பு. அவங்க என்ன பதில் சொல்றாங்கன்னு புரிஞ்சிக்கிறது உன் பொறுப்பு. ரெண்டு பேரும் ரெண்டையும் படிச்சா ரெண்டும் உருப்படாது, சிந்தா."

மகள் பூவிழிக்கு ஜெர்மனியில் லைப்ட்ஸிக் ஊரில் ஐப்பசிக் கடைசியில் பிரசவம். டாக்டர் அவளைப் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பிரேம் அவளைத் தனியே விட்டுவிட்டு வர முடியாது. விமானம் பிராங்க்பர்ட் வரைக்கும்தான். அங்கிருந்து ரயில் பிடித்து இவர்களே போக வேண்டும். ஆகவே ஒரு நோட்டுப் போட்டார். பூவிழி போனில் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதினார். இடது பக்கம் கேள்வி, அவருக்கு. வலது பக்கம் பதில், மனைவி சிந்தாமணிக்கு.

காலையில் அவள் இட்லி ஊற்றும்போது அவர் சமையலறை வாசலில் வந்து நிற்பார். "ரைசென் ஸீ அலைன்?" தனியாகவா பயணம் செய்கிறீர்கள் என்று அர்த்தம். ஏர்போர்ட்டில் போலீஸ்காரர் அப்படித்தான் கேட்பாராம்; கேள்வி என்பதால் அதுவும் இடது பக்கம்தான்.

"நைன். மிட் மைனெம் மான்." இல்லை, என் வீட்டுக்காரரோடு.

"சத்தமா சொல்லு. பஸ்ல பின்சீட்டு வரைக்கும் கேக்க வேணாமா?"

"ஏங்க, அந்த போலீஸ்காரரு பின்சீட்டுலயா உக்காந்திருப்பாரு?"

விசா வந்தது. கார்த்திகை முடியும் வரை செல்லும் என்று அதில் இருந்தது. ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, குளித்துவிட்டு வந்து சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார், சாய்ந்தார். நெஞ்சுவலி என்று அவர் சொல்லக்கூட இல்லை.

மகன் இல்லாததால் அவர் தம்பி கிருஷ்ணமூர்த்தி கொள்ளி வைத்தார். பக்கத்து வீடுதான், நடுவில் ஒரு சுவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டுபோய்த் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"பத்திரமா இருக்கட்டும் அண்ணி. வருஷம் திரும்பாம நீங்க எல்லை தாண்டக் கூடாது. அமாவாசைக்கு அமாவாசை படையல் போட ஆள் வேணும். பிறக்கப்போற புள்ளைக்கும் ஆகாது பாருங்க."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். தினமும் காலையில் பால் வாங்கி வந்து கொடுத்தார், மாலையில் வந்து கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்தார். சிந்தாமணி வாசல் வரை போவாள். தெருவில் யாராவது முக்கியமான வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால் தானாகவே உள்ளே திரும்பிவிடுவாள். மெயின் ரோட்டில் சிமெண்ட் லாரிகள் போகும்போது ஜன்னல் அதிரும். அரியலூர் பஸ்ஸின் ஹாரன் மட்டும் அவளுக்குத் தனியாகக் கேட்கும்.

ஒருநாள் துணிந்து கேட்டாள். "தம்பி, புள்ள தனியா கெடக்குறா. போயிட்டு வந்துடறேனே."

"அண்ணன் இருந்திருந்தா நானே திருச்சி வரைக்கும் வந்து ஏத்திவிட்ருப்பேன். அங்க எறங்கி ரயிலு எங்கன்னு எப்படிக் கேப்பீங்க? கேளுங்க பாப்போம், என்கிட்ட."

அவள் வாயைத் திறந்தாள். நேராகப் போங்க, இடது பக்கம், மூன்றாம் பிளாட்பாரம், இல்லை, என் வீட்டுக்காரரோடு. பதில்கள்தான் வரிசையாக வந்தன. ஒரு கேள்விகூட வரவில்லை. கிருஷ்ணமூர்த்தி சிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அன்றைக்கு நோட்டை எடுத்து இடது பக்கத்தைப் பார்த்தாள். சாய்ந்த எழுத்து, அவசரமான பேனா. அதை வாய்விட்டுப் படிக்க அவளால் முடியவில்லை. கேள்விகளைத் தான் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அவர் வந்து கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது என்று தோன்றியது. மூடி வைத்தாள்.

புரட்டாசி அமாவாசை வந்தது. வடை, பாயசம், அவருக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல், எல்லாம் படைத்தாயிற்று. காக்கைக்கு வைத்த இலை மொட்டை மாடிச் சுவர்மேல் இருந்தது. காக்கையும் வந்து தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்தது. இலையைத் தொடவில்லை.

அது தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. இறந்தவருக்கு ஏதோ குறை என்று அர்த்தம். குறையைத் தீர்ப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டும்.

"சிறுவாச்சூர் கோயிலுக்குப் பொங்க வைக்கிறேண்ணே," என்றார் கிருஷ்ணமூர்த்தி. காக்கை கழுத்தைச் சாய்த்தது. "உன் போட்டோவப் பெருசாக்கி மாட்டறேன்." ஒன்றும் நடக்கவில்லை. மணி ஒன்றரை. அவருக்குச் சர்க்கரை வியாதி.

"தம்பி, பாஸ்போர்ட்டச் சொல்லிப் பாருங்க," என்றாள் சிந்தாமணி.

"காக்காய்க்கு பாஸ்போர்ட்டு தெரியுமா அண்ணி?"

அவர் மனைவி சாந்தா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். "பெருசாக்குன போட்டோ மட்டும் தெரியுமாக்கும்? சொல்லித் தொலைங்க. நீங்க மயக்கம் போட்டு விழுந்தா தூக்கறது யாரு?"

கிருஷ்ணமூர்த்தி காக்கைப் பக்கம் திரும்பினார். பிறகு கைகூப்பினார். "சரிண்ணே. அண்ணி புள்ளைகிட்ட போகட்டும். படையல் நான் பாத்துக்கறேன். அங்க என்ன ஆனாலும் என்னைக் குத்தம் சொல்லாத."

காக்கை உடனே வரவில்லை. ஐந்து நிமிஷம் கழித்துத் தத்தித் தத்தி வந்து முதலில் வடையை எடுத்தது. அது அந்த வாக்குக்காகத்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு. கிருஷ்ணமூர்த்தி கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி, பீரோவைத் திறந்து, இரண்டு பாஸ்போர்ட்டையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தார்.

மூன்று மணிக்குப் பூவிழி போன் செய்தாள். "அம்மா, தனியா வந்துடுவியா?"

"வந்துடறேன்," என்றாள். சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பீரோ திறந்தாயிற்று, வாசல் திறந்தாயிற்று. இருந்தும் நின்ற இடத்திலிருந்து கால் எழவில்லை.

நோட்டை விரித்தாள். வலது பக்கத்தை உள்ளங்கையால் மூடினாள். இடது பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்தாள்.

"வோ இஸ்ட் டேர் ட்சூக் நாஹ் லைப்ட்ஸிக்?"

லைப்ட்ஸிக் ரயில் எங்கே இருக்கிறது? அவள் குரலில் அது யாரோ சொன்னதுபோல் இருந்தது. சமையலறை வாசலில் யாரும் இல்லை. பழக்க தோஷத்தில் பதில் தொண்டைவரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதை இனி முகம் தெரியாத ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். ரைசென் ஸீ அலைன். தனியாகவா என்று போலீஸ்காரர் கேட்பது. உள்ளங்கைக்குக் கீழே இருந்த பதில் இனி அவளுக்கு ஆகாது; விரல் அந்த வரியிலேயே நின்றது.