கடையில் பதினோரு பேர்

என் வேலையில் எனக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்ததே இல்லை. சமையலில் வரும். உப்பு போட்டேனா இல்லையா என்று இரண்டு தடவை போட்டுவிடுவேன். வேலையில் மட்டும் கிடையாது. ஒரு கடையைச் சுற்றி வரைபடத்தில் வட்டம் போடுவேன். அந்த வட்டத்துக்குள் யார் ஃபோனோடு நடந்தாலும் அந்தக் கடையின் விளம்பரம் அவர்கள் திரையில் போய் நிற்கும். விளம்பரம் பார்த்தவர்களில் எத்தனை பேர் கடைக்குள் கால் வைத்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதையும் எங்கள் கம்பெனியின் கருவி சொல்லிவிடும். பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆளுக்கு ஒரு நீலப் புள்ளி, அவ்வளவுதான். நாள் முழுக்க அதையே பேசிக்கொண்டிருப்பேன் என்பதால் அண்ணி எனக்குப் 'புள்ளி' என்றே பெயர் வைத்துவிட்டார்.

அண்ணி கூரை ஓடு செய்யும் ஒரு கம்பெனியில் வருடக்கணக்காகக் கணக்குப் பார்த்தவர். உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு போனது. ஊரிலுள்ள நாற்காலிகளையெல்லாம் உட்கார்ந்து பார்த்து, முதுகைத் தாங்குகிற நாற்காலி எது, தாங்குவதுபோல் நடிக்கிற நாற்காலி எது என்று தெரிந்துகொண்டார். பிறகு ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் முதுகு நாற்காலிகளுக்கென்றே கடை வைத்தார். கண்ணாடிக் கதவு, சுவரோரம் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள், பின்பக்கம் ஒரு தடுப்பு, தடுப்புக்கு அப்பால் அவருடைய மேசை. அந்தக் கடையைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். எங்கள் வீட்டில் துணிந்து ஒன்றைச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

விளம்பரம் என் பொறுப்பு என்று நானே போய் வலிய வாங்கிக்கொண்டேன். 'முதுகு வலியா? மருந்து அருகிலேயே இருக்கிறது, உட்கார்ந்து பாருங்கள்' என்ற வாசகமும் என்னுடையதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. அண்ணன் தட்டை நகர்த்திவிட்டு என்னிடம் சொன்னான்.

"உங்க அண்ணியோட பழைய மேனேஜர் திரும்பக் கூப்பிட்டிருக்கார். அதே சீட், அதே வேலை. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். கடையை மூடிட்டுப் போகச் சொல்றேன். நீயும் சொல்லு."

"எதுக்கு மூடணும்?" என்றேன்.

"ஆளே வரலையேம்மா. நேத்து முழுக்க நான் அங்கதான் இருந்தேன். ஈ ஓட்டிட்டு இருந்தேன். அந்த ஈகூட ஒரு நாற்காலி வாங்கல."

அண்ணி மேசைத் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

நான் லேப்டாப்பைத் திறந்து அண்ணன் மூக்குக்கு நேரே வைத்தேன். "இந்த மாசம் முந்நூறு பேருக்கு மேல வந்திருக்காங்க. சும்மா எட்டிப் பாத்துட்டுப் போனவங்க கணக்கே இதுல இல்ல. ஆளுக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாம இருந்திருக்காங்க. இது நான் சொல்லல, மெஷின் சொல்லுது."

"முந்நூறு பேரா? எங்க?"

அந்தக் கேள்வியோடு நான் நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. அண்ணி கூச்ச சுபாவம். யாராவது கடைக்குள் வந்தால் தடுப்புக்குப் பின்னால் கணினியில் தலையைக் கவிழ்த்துக்கொள்வார், கூப்பிட்டால்தான் எழுந்து வருவார். மதியம் வேறு கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவார். எனவே எனக்குக் காரணம் தெளிவாகவே தெரிந்தது.

"வர்றவங்களை நீங்க கவனிக்கிறதில்ல அண்ணி. அரை மணி நேரம் உக்காந்து பாத்துட்டு ஒருத்தர் வாங்காம எழுந்து போறார்னா, கோளாறு நாற்காலியில இல்லியே."

அண்ணி மேசைத் துணியைக் கீழே வைத்தார். "இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து அவர் மேசையைக் கடை வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். புதன்கிழமை நான் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குக் காட்டித் தருவதாக உத்தேசம். அப்படி ஒரு திமிர் எனக்கு.

போய் உட்கார்ந்து வெகுநேரமாகியும் கதவு திறக்கவில்லை. அண்ணியின் ஃபோன்தான் அடித்தது. பழைய மேனேஜர்.

"கடையில ஆள் இருக்காங்க, அப்புறம் பேசுறேன்னு சொல்லுங்க" என்று நான் கிசுகிசுத்தேன். கொஞ்சம் கெத்து காட்டினால்தானே மரியாதை.

அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சொல்லுங்க சார். இல்ல சார், சும்மாதான் இருக்கேன். வெள்ளிக்கிழமை கண்டிப்பா சொல்லிடறேன்." ஃபோனை வைத்துவிட்டு என்னிடம், "இல்லாத ஆளை இருக்காங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

"இல்லன்னு யார் சொன்னது? இப்பவே பாப்போம்" என்று லேப்டாப்பைத் திறந்தேன். எங்கள் கருவியில் அந்த நேரத்து நிலவரமும் தெரியும். கட்டடத்தின் கோட்டுருவத்துக்குள், அண்ணியின் கடை இருக்கிற இடத்தில், நீலப் புள்ளிகள் கொத்தாக நின்றன. எங்கள் இரண்டு ஃபோன்களையும் கழித்துவிட்டு எண்ணினேன். பதினொன்று.

நான் திரையைப் பார்த்தேன். கடையைப் பார்த்தேன். மறுபடி திரையைப் பார்த்தேன்.

"எத்தனை பேர்?" என்றார் அண்ணி.

"பதினோரு பேர்."

அண்ணி எழுந்தார். முந்தைய நாட்களில் பழகிய சிரிப்பை முகத்தில் வரவழைத்துக்கொண்டு, காலி நாற்காலி ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்றார். "வாங்க, உக்காருங்க. சௌகரியமா இருக்கா? கையை இதுமேல வெச்சுக்கோங்க. நீங்க அவசரப்படாம பாருங்க சார்." எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைசி நாற்காலியை அடைந்தபோது அவர் குரல் உடைந்தது.

"மூணு நாளா நான் மத்தியானம் சாப்பிடல புள்ளி. நான் கண்ணு மூடுற நேரத்துல யாரோ வந்துட்டுப் போறாங்கன்னு நெனச்சேன். என் மூஞ்சியப் பாத்துதான் ஓடுறாங்களோன்னு கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தேன்."

ஒரு திரையை நம்பி, பல வருடம் பார்த்துப் பழகிய மனுஷியை நம்பாமல் விட்டிருக்கிறேன். அந்த வெட்கத்தோடு லேப்டாப்பை மூடப் போனபோதுதான் தலைக்கு மேலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய, கூசுகிற இரைச்சல். நின்றது. மறுபடி தொடங்கியது. கூடவே பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் இழுக்கிற சத்தம்.

"மேல என்ன இருக்கு?"

"பல் ஆஸ்பத்திரி. அதுக்கு மேல எல்லாம் காலி" என்றார் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

திறந்த லேப்டாப்பைக் கையில் ஏந்தியபடி படியேறினேன். அண்ணியின் கடைக்கு நேர் மேலே, அதே அகல நீளத்தில், நோயாளிகள் காத்திருக்கும் அறை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தை அம்மா மடியில் தூங்கியது, அதனிடம் ஃபோன் இல்லை. மற்ற பதினோரு பேரும் குனிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். ஃபோன் தன் இடத்தைச் சொல்லும்போது தெருவைச் சொல்கிறது, கட்டடத்தைச் சொல்கிறது, எந்த மூலை என்றுகூடச் சொல்கிறது. எத்தனையாவது மாடி என்பதை எங்கள் கருவி கேட்பதே இல்லை. வானத்திலிருந்து பார்த்தால் நான்கு மாடியும் ஒரே கூரைதான். அதைவிடக் கொடுமை, ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக இருப்பவர்களைக் கணக்கிலிருந்து கழிக்கும் வடிகட்டி. தெருவில் சும்மா நடந்து போகிறவர்கள் வாடிக்கையாளர்களாக எண்ணப்படக் கூடாது என்று நானே சொல்லி நானே சேர்த்தது. ஆபீசில் அதற்குக் கைதட்டல் வேறு கிடைத்தது. அண்ணியின் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு உடனே போன உண்மையான ஓரிருவரை அது ஒழுங்காகக் கழித்திருக்கிறது. பல் பிடுங்கக் காத்திருந்தவர்களை மட்டும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறது.

ஓரமாக உட்கார்ந்திருந்தவரின் கன்னம் வீங்கியிருந்தது. என் விளம்பரம் அவர் திரையில் வந்து நின்றது. அவர் அதைத் தள்ளிவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். "போன வாரத்துலேர்ந்து இது என்னை விடமாட்டேங்குது. எனக்குப் பல்லு வலி. இது முதுகு வலியான்னு கேக்குது." பிறகு நாற்காலியில் நெளிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இதுல உக்காந்து உக்காந்து அதுவும் வந்துரும்போல."

கீழே போய் அண்ணியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது, ஞாயிற்றுக்கிழமை பேசியதற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன். அண்ணி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அப்ப யாரும் என்னைப் பாத்து ஓடல?"

"வந்தாத்தானே அண்ணி ஓடுறதுக்கு."

"அது போதும்டி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க எவ்வளவு நேரம் உக்காந்திருக்காங்க?" என்று கேட்டார்.

"அரை மணி, முக்கால் மணி. அந்தக் கணக்கு மட்டும் சரியானது."

"எதுல உக்காந்திருக்காங்க?"

"பிளாஸ்டிக் நாற்காலியில. ஒருத்தர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு..."

சொல்லி முடிக்கும் முன் அண்ணி ஒரு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "அந்தப் பக்கம் பிடி. உன் விளம்பரத்துல உக்காந்து பாருங்கன்னுதானே எழுதியிருக்கே? எதுல உக்காருவாங்க, ஃபோன்லயா?"

இருவருமாகத் தூக்கிக்கொண்டு படியேறினோம். கூச்ச சுபாவம் என்று நான் சொன்ன அந்த அண்ணி, நேராகப் பல் டாக்டரின் அறைக்கதவைத் தட்டினார். டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். நடுவயதுப் பெண், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நின்ற விதத்தைப் பார்த்தார்.

"கீழ நாற்காலிக் கடை என்னுது. உங்க நோயாளிங்களுக்கு நாலு நாற்காலி போட்டு வைக்கறேன். நீங்க ஒண்ணும் தர வேண்டாம். பின்னாடி என் கடை பேர் மட்டும் இருக்கும்." டாக்டர் யோசிப்பதற்குள் அடுத்ததையும் சொன்னார். "அதுக்கு முன்னாடி நீங்க இதுல கொஞ்சம் உக்காருங்க. வலது பக்கமே குனிஞ்சு குனிஞ்சு வேலை பாக்கறீங்கல்ல? எனக்கும் அப்படித்தான் போச்சு."

டாக்டர் உட்கார்ந்தார். அண்ணி பின்னால் போய் ஒரு திருகைத் திருப்பினார், பிறகு இன்னொன்றை. டாக்டரின் தோள் மெல்ல இறங்கியது. உள்ளே வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த நோயாளி 'ஆ ஆ' என்று கூப்பிடும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. "இதை இங்கயே விட்டுட்டுப் போங்க" என்றார். அதுதான் அந்த மாதத்து முதல் விற்பனை.

மறுநாள் ஆபீசில் என் மேலதிகாரியிடம் போய், ஒன்றுக்கு மேல் மாடியுள்ள கட்டடம் எதற்கும் 'கடைக்கு வந்தவர்கள்' என்ற கணக்கை நாம் இனிமேல் தரக் கூடாது என்றேன். மற்ற வாடிக்கையாளர்கள் யாரும் புகார் சொல்லவில்லையே என்றார். அவர்கள் மாடி ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்த வரியை ரிப்போர்ட்டிலிருந்து எடுக்க வைத்தேன். தப்பென்று தெரிந்தபிறகு அதைத் திருத்துவதிலும் எனக்குச் சந்தேகம் வராது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கடைக்குப் போனேன். பழக்கதோஷம், போகிற வழியிலேயே வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அதே கட்டடம், அதே மூலை, அதே கொத்துப் புள்ளிகள். ஒன்றுகூட இடம் மாறவில்லை. நான் ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன்.

உள்ளே ஒரு அம்மாள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். இன்னொருவர், மரத்துப் போன வாயோடு, கையாலேயே விலை கேட்டுக்கொண்டிருந்தார். கன்னம் வீங்கிய மனிதர், இப்போது வீக்கம் வற்றி, ஒரு நாற்காலியின் திருகைத் தானே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாசலோரம் ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

மேசையில் அண்ணியின் ஃபோன் அடித்தது. திரையில் மேனேஜரின் பெயர். அண்ணி ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் நாற்காலியின் முதுகைச் சாய்த்துக் காட்டியபடி, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், நான் வரல சார். அப்புறம் பேசறேன், கடையில ஆள் இருக்காங்க."