அமுதத்துக்கு விட்ட நாலு வரி

போர்ட் பிளேரில் ஜெபராஜின் பாட்டைக் கேட்காத தமிழ்க் குடும்பம் குறைவு. கடலுக்குப் போகிறவர்களைப் பற்றி நாற்பது வருடமாகத் தானே எழுதி, மெட்டுக் கட்டிப் பாடுகிறவர். அறுபத்தெட்டு வயதில், இருபது வருட இடைவெளிக்குப் பிறகு, எட்டுப் பாட்டுகளோடு புது ஆல்பம் ஒன்றை வெளியிட்டிருந்தார். யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மரைன் ஹில் வீட்டில் மகள் பெனிட்டா தினமும் சாயங்காலம் போனைப் பார்த்து வாசித்துக் காட்டுவாள்.

வண்டியில் இந்தப் பாட்டைப் போட்டதும் பெங்காலிப் பயணிகள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று ரங்கத் பஸ் டிரைவர் கணபதி எழுதியிருந்தார். குரல் களைத்துப்போச்சு, பழைய ஜெபராஜ் எங்கே என்று இன்னொருவர் குறைப்பட்டிருந்தார். சென்னைப் பத்திரிகை ஒன்று வரிகளைப் புகழ்ந்துவிட்டு, நான்காவது பாட்டின் நடுவே ஆர்மோனியம் மட்டும் வெறுமனே ஓடுவதை ஒலிப்பதிவுக் கோளாறு என்றது.

"கல்தி, தப்புன்னு எழுதிட்டாங்க பப்பா. ஜவாப் போடவா?"

பதில் போட வேண்டாம் என்றார். அமுதம் ஏதாவது எழுதினாளா என்று மட்டும் கேட்டார். எட்டு நாளாக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினோரு வருடம் அவரோடு மேடையேறிப் பாடியவள் அமுதம். மேடையில் இருவரும் பாடிய பழைய பாட்டுதான் அந்த நான்காவது; கடலில் இருப்பவன் கேட்க, கரையில் இருப்பவள் பதில் சொல்கிற நாலு வரி அவளுடையது. சுனாமியில் புருஷன் ஜஸ்டின் போனபிறகு தூத்துக்குடிக்குக் கப்பலேறினாள். அதோடு பாட்டையும் விட்டாள். அந்த வரிகளை வேறு யாருக்கும் கொடுக்க ஜெபராஜுக்கு மனம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் பெனிட்டாவின் போனுக்கு அமுதத்தின் குரல் பதிவே வந்தது.

"ஜெபராஜ் அண்ணே, எட்டையும் கேக்க முடியல. நாலாவதுலயே நின்னுட்டேன். எனக்கு எடம் விட்டு வச்சிருக்கிய. அடுப்படியில நின்னு பாடிட்டேன். கப்பலேறி வான்னு மட்டும் கூப்பிடாதிய."

ஜெபராஜ் அந்தப் பதிவை மூன்று தடவை கேட்டார். கூப்பிட்டுப் பேசுங்கள் என்று பெனிட்டா போனை நீட்டினாள். வாங்கவில்லை. எந்தக் கட்டைச் சுருதியில் பாடினாள் என்று மட்டும் எழுதிக் கேட்கச் சொன்னார். முன்னைப்போல எட்டவில்லை, பாட்டை நிறுத்திவிட்டு ஒரு கட்டை இறக்கித்தான் பாடினேன் என்று பதில் வந்தது.

ஜெபராஜுக்கும்தான் எட்டவில்லை. அவள் பாடுகிற கட்டை என்பதற்காகவே ஸ்டூடியோவில் மூச்சு முட்டப் பாடியிருந்தார். அன்றைக்கே ஆர்மோனியத்தை எடுத்து, ஒரு கட்டை இறக்கி, நாலு வரிக்கு இடம் விட்டுப் பாடினார். பெனிட்டா அதைப் பதிவுசெய்து அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து, அமுதம் அதைக் கேட்டுவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. எத்தனை தடவை பாடியிருப்பாள் என்று ஜெபராஜ் மகளிடம் கேட்டார். பெனிட்டாவுக்கு என்ன தெரியும்?

"நெறைய தடவ பப்பா" என்றாள்.